சகாரில் இறங்கிய விமானங்கள்

வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த 1991 பிப்ரவரியில், அமெரிக்க ராணுவ விமானங்களுக்கு இனி எண்ணெய் நிரப்புவதில்லை என்று டில்லி ஒருவழியாக அறிவித்தது. நிறுத்தியது சரி. ஆனால் 1991 ஜனவரி 9 அன்று தொடங்கியது யாரைக் கேட்டு? பிலிப்பைன்ஸ் தளங்களிலிருந்து வளைகுடாவுக்குப் பறந்த பெரும் சரக்கு விமானங்கள் பம்பாய் சகாரிலும் சென்னையிலும் ஆக்ராவிலும் இறங்கின, நிரப்பிக்கொண்டு போயின. விமான நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் நமக்கே பத்திரிகையில் படம் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. படம் வந்திராவிட்டால் தொடர்ந்து நடந்திருக்கும்.

"ஆயுதம் எதுவும் போகவில்லை" என்பது அரசின் பதிலாக இருந்தது. போர்முனையில் இருக்கும் படைக்கு மாவும் மருந்தும் உதிரிப்பாகமும் போனாலும் அது போருக்குப் போனதுதான். ஜனவரி 17 முதல் பாக்தாத்தில் குண்டு விழுந்தது. அதற்கு எட்டு நாள் முன்பே நம் ஓடுபாதை திறந்துவிடப்பட்டது என்பதை எந்த விளக்கமும் மறைக்காது.

இன்னொரு பதிலும் வந்தது: முந்தைய வி.பி.சிங் அரசே இதைத் தொடங்கியதாம். அந்த அரசு வான்வழியே பறக்க விட்டது. சந்திரசேகர் அரசு தரையிறங்கி நிரப்பவும் விட்டது. இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். பிரதமர்கள் மாறினாலும் கோப்பு ஒரே மேசையில்தான் இருந்தது. அந்த மேசைக்காரர்களின் பெயரை எவரும் சொல்லவில்லை.

எண்ணெய் என்றால் என்னவென்று தாராவியில் கேட்டுப் பாருங்கள். விமானத்துக்கு ஊற்றுவதும் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். வளைகுடா நெருக்கடி வந்த நாளிலிருந்து ரேஷன் கடை வாசலில் விடியற்காலையில் டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு, மதியம் வரை நின்று, அரை டப்பாவோடு திரும்பிய பெண்களை நாம் தினமும் பார்த்தோம். நாட்டில் எண்ணெய் இல்லை, சிக்கனமாக இருங்கள் என்று அவர்களிடம் சொன்ன அதே வாய்தான் வெளிநாட்டு ராணுவத்துக்கு நிரப்பச் சொன்னது. செம்பூர்க்காரர்கள் மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையை வருஷக்கணக்காகச் சுவாசிக்கிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்புக்கும் அப்போது தட்டுப்பாடு. இந்த ஒன்றை மன்னிக்க நமக்கு மனம் வரவில்லை.

மறுக்க முடியாத நிலையில் இருந்தோமா? அதே ஜனவரியில்தான் பன்னாட்டு நிதியத்திடம் 180 கோடி டாலர் கடன் கிடைத்தது. கடனுக்கும் அனுமதிக்கும் தொடர்பே இல்லை என்றால், அதைத் தெளிவாகச் சொல்லட்டும். அமெரிக்காவோடு ஒரே ராணுவக் கூட்டணியில் இருப்பவர்களே மறுத்திருக்கிறார்கள். 1986 ஏப்ரலில் லிபியாவைத் தாக்க பிரிட்டனிலிருந்து புறப்பட்ட அமெரிக்க விமானங்களுக்கு பிரான்ஸும் ஸ்பெயினும் தங்கள் வானத்தில் வழி விடவில்லை. அவை அட்லாண்டிக் கடல் மேலே சுற்றி ஜிப்ரால்டர் வழியே போக வேண்டியிருந்தது. அதனால் அந்தக் கூட்டணி உடைந்துவிடவில்லை. தோழமை நாடுகளுக்கு முடிந்தது, அணிசேரா நாடு என்று நாற்பது ஆண்டாக மார்தட்டிய நமக்கு முடியவில்லை.

நமக்கு ஞாபகசக்தியும் இல்லை. 1971 தொடக்கத்தில் நாம் வான்வழியை அடைத்ததும், பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு டாக்காவுக்குப் பறந்தன. அன்று இலங்கையிடம் எவ்வளவு கோபப்பட்டோம்! அதே காரியத்தை 1991இல் நாம் செய்தோம். இலங்கையில் இன்னொன்றும் நடந்தது: 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலம் போட்டவர்கள், இரண்டு மாதத்துக்குள் அங்கே படையை இறக்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜவான்கள் செத்தார்கள், அவர்களைவிட அதிகமாகத் தமிழர்கள் செத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்பியது. ஏன் போனோம், யார் அனுப்பச் சொன்னது என்பதற்குப் பதில் வரவில்லை. 1990 ஆகஸ்டில் நம் வெளியுறவு அமைச்சரும் ஈராக் அதிபரும் பாக்தாத்தில் கட்டித் தழுவிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து மாதம் கழித்து அந்த ஊர்மேல் குண்டு போடுபவருக்கு டில்லி எண்ணெய் கொடுத்தது. இரு பக்கமும் நம்மை எப்படி நம்பும்?

நம்பிக்கை நமக்கு வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் வளைகுடாவில் பிள்ளையோ அண்ணனோ இல்லாத வீடு எத்தனை? விசாவுக்காக இந்த ஊரில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்து, வட்டிக்கு வாங்கிப் போனவர்கள் அப்போது இருதரப்பு ஆட்சிகளின் கீழும் இருந்தார்கள். ஓடுபாதையைத் திறந்துவிட்டபோது அவர்களை யாராவது ஒரு நிமிஷம் நினைத்தார்களா?

இனி அன்னிய ராணுவ விமானம் பறப்பதோ இறங்குவதோ மக்கள் அறிய நடக்க வேண்டும். ஒரு முறைமை வேண்டும். எத்தனை விமானம் இறங்கியது, எத்தனை லிட்டர் போனது, கையெழுத்துப் போட்டது யார் என்ற மூன்றையும் மக்களவையில் சொல்லட்டும்.

1990 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, அம்மானிலிருந்து 488 முறை பறந்து, குவைத்தில் எல்லாவற்றையும் இழந்த 1 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏர் இந்தியா கொண்டுவந்து சேர்த்தது. அவர்கள் கைப்பையோடு வந்து இறங்கியதும் இதே சகாரில்தான்.