நஞ்சுக்கொடியும் மந்திரக் கயிறும்

செண்பகத்தோப்புக் காட்டடிவாரம் முதல் இராஜபாளையம் பஞ்சாலைத் தெருக்கள் வரையில், இன்றும் பல வீடுகளில், ஐந்தாம் மாதத்துக் கர்ப்பஸ்திரீ ஒருத்தி "பிள்ளை இன்னும் அசையவில்லையே" என்று வாய் திறந்துவிட்டால் போதும். வைத்தியர் ஞாபகம் வருமுன் பூசாரி ஞாபகம் வந்துவிடுகிறது. "காற்றுக் கறுப்பு" என்பாள் ஒரு கிழவி. "பெரியாச்சிக்கு நேர்ந்துகொள்" என்பாள் மற்றொருத்தி. "மருமகள் ராசி அப்படி" என்பான் ஜோசியன். இடுப்பில் கயிறு ஏறும். மடியிலுள்ள காசு இறங்கும். பயமோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

உண்மை என்ன? தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளைக்கு ஆகாரமும் பிராணவாயுவும் வாங்கிக் கொடுப்பது நஞ்சுக்கொடி. அது கர்ப்பப்பையின் பின்சுவரில் ஒட்டலாம், மேலே ஒட்டலாம், வயிற்றுப் பக்கமான முன்சுவரிலும் ஒட்டலாம். முன்சுவரில் ஒட்டுவது வியாதியுமல்ல, சாபமுமல்ல. கதவுக்குப் பின்னால் பஞ்சுப் பொதியை அடுக்கிவிட்டு உள்ளிருந்து ஒருவன் தட்டினால் வெளியில் சத்தம் குறைவாகத்தானே கேட்கும்? அதற்காக உள்ளே ஆளே இல்லையென்று எந்தப் புத்திசாலியாவது சொல்லுவானா?

சாதாரணமாக 16 முதல் 24 வாரங்களுக்குள் முதல் அசைவு தெரியும். தலைப்பிள்ளைக்காரிக்கு 20 வாரத்துக்கு மேலும் ஆகலாம். நஞ்சுக்கொடி முன்னால் இருந்தால் இன்னும் சற்றுத் தாமதிக்கலாம். ஆரம்பத்தில் மெல்லியதாகவும் இருக்கலாம். இதைக் கண்ணால் பார்க்க வழி செய்தது எந்த மந்திரம்? 1958இல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் இயன் டொனால்டும் அவர் கூட்டாளிகளும் ஒலியலையால் வயிற்றுக்குள் பார்க்கும் முறையை உலகுக்குத் தெரிவித்தார்கள். அதுதான் இன்றைய ஸ்கேன்.

அந்த ஸ்கேன் காகிதத்தையும் நம்மவர்கள் ஜாதகமாக்கிவிட்டார்கள்! "கொடி முன்னால் இருந்தால் பெண், பின்னால் இருந்தால் ஆண்" என்கிறார்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்பது கருத்தரிக்கும்போதே தீர்ந்துபோன விஷயம். கொடி ஒட்டிய இடத்துக்கு அதில் என்ன அதிகாரம்? கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லுவதே குற்றமென்று 1994இல் சட்டம் செய்ய வேண்டிய கதியில் இத்தேசம் இருந்ததற்கு நாம் வெட்கப்பட வேண்டாமா?

மற்றொரு ஆபத்தும் உண்டு. கொஞ்சம் படித்தவர்கள், "கொடி முன்னால்தானே இருக்கிறது, அசைவு குறைந்தால் பயமில்லை" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். இது புதுமாதிரி மூடநம்பிக்கை. 28 வாரத்துக்கு மேல் அந்தச் சாக்குச் செல்லாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழக்கமுண்டு. அதைத் தாய் அறிவாள். வழக்கத்துக்குக் குறைந்தாலும் நின்றாலும் பிள்ளைக்குப் பிராணவாயு குறைகிறதென்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். பிரசவம் நெருங்கினால் அசைவு அடங்கிவிடும் என்பதும் பொய்.

ஆகவே, 24 வாரமாகியும் அசைவே தெரியாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். தெரிந்த அசைவு குறைந்தால் நாளைக்கென்று வைக்காமல், இரவானாலும் ஸ்ரீவில்லிபுத்தூரோ இராஜபாளையமோ, கிட்டத்திலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108 வண்டிக்குக் காசு கிடையாது. அங்கே பிள்ளையின் இருதயத் துடிப்பைக் கேட்டு நிமிஷங்களில் நிலைமை சொல்லுவார்கள்.

ஒன்று கேட்கிறோம். கயிறு கட்டுகிற பூசாரி அந்தத் துடிப்பைக் கேட்டுச் சொல்லுவானா? சொல்ல முடியாதவன் கையில் ஏன் இரண்டு உயிரை ஒப்படைக்கிறீர்கள்? "அசைவு குறைகிறது" என்று தாய் சொன்னால் அதை நம்புங்கள். பூசாரி சொல்லை நம்பிக் கெட்டது போதும்!