‘நம் ஊரில் இல்லை’ என்பது பதிலாகுமா?



போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடங்களிலும், போடிமெட்டுக்கு மேலுள்ள தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகளிலும் பெண்கள் பேசாத செய்தியில்லை. ஆனால், பெண்குழந்தையின் பிறப்புறுப்பை வெட்டும் ‘கத்னா’வைப் பற்றிக் கேட்டால், “அது நம்ம ஊர்ல இல்லையே” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது உண்மையாகவே இருக்கட்டும், பதிலாகிவிடாது.

நம் மொழியையே பேசும் இலங்கை முஸ்லிம்களிடையே, குழந்தை பிறந்து நாற்பது நாள் அளவில் ‘ஒஸ்தா மாமி’ எனப்படும் பெண்ணைக் கொண்டு இதைச் செய்கிறார்கள். 2008-இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா இதைக் கடமை என்று ஃபத்வா அளித்தது. 2018-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு, மருத்துவர்கள் இதைச் செய்யலாகாது எனச் சுற்றறிக்கை விடுத்தது.

நம் நாட்டில் தாவூதி போஹ்ராக்கள் ஏழு வயதளவில் இதைச் செய்கின்றனர். ‘சஹியோ’ அமைப்பு 385 போஹ்ராப் பெண்களிடம் கேட்டபோது, 80 விழுக்காட்டினர் தமக்கு இது நிகழ்ந்ததாகவும், 81 விழுக்காட்டினர் இது தொடரக்கூடாது என்றும் கூறினர். வேண்டாம் என்போரே மிகுதியாயிருந்தும் ஏன் தொடர்கிறது? பாட்டி வற்புறுத்துகிறாள், தாய் அழைத்துச் செல்கிறாள், மகள் வாய்மூடுகிறாள். 2017-இல் ஒன்றிய அரசு, இதற்கு அதிகாரபூர்வ தரவே இல்லை என உச்சநீதிமன்றத்தில் கூறியது. வாய்திறவாத பெண்ணின் வலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ‘நம் ஊரில் இல்லை’ என்ற நம் சொல்லும் அந்த மௌனத்துக்கே துணைபோகிறது.

இது மார்க்கம் என்போருக்கு ஒன்று சொல்வோம். குர்ஆனில் இதற்குக் கட்டளை இல்லை. ஆதாரமாகக் காட்டப்படும் ஹதீஸைப் பதிவுசெய்த இமாம் அபூதாவூத் அவர்களே அதைப் பலவீனமானது என்றார்கள். ஷாஃபிஈ நூல்கள் கடமை என்கின்றனவே எனக் கேட்கலாம். ஷாஃபிஈ அறிஞரான எகிப்தின் முஃப்தி அலீ ஜும்ஆ, ஒரு சிறுமி இதனால் உயிரிழந்த பின், 2007-இல் இது ஹராம் என அறிவித்தார். தீங்கு உறுதியான பின் பழைய தீர்ப்பைக் கட்டிக்கொண்டிருப்பது தக்வா ஆகாது.

ஆகவே, ஆலிம்களிடம் கேளுங்கள்; பெண்கள் மதரஸாவில் பேசுங்கள். மணமாகி வேற்றூர் செல்லும் மகளிடம், ‘இது தீன் அன்று, உன் குழந்தையின் உடல் அல்லாஹ் தந்த அமானிதம்’ என்று சொல்லியனுப்புங்கள். பெண்களின் கையால் நடப்பதைப் பெண்களின் வாயால் நிறுத்த முடியும்.

அல்லாஹ் நமக்குத் துணிவைத் தருவானாக. ஆமீன்.