திண்டுக்கற் பூட்டும் தகடு வெட்டும் கையும்

திண்டுக்கல் என்றவுடன் வெளியூரார்க்கு நினைவில் எழுவன மலைக்கோட்டையும் பூட்டுமாம். பூட்டின் புகழ் பேசுவோர் அதன் பாரத்தையும் உறுதியையுமே வியப்பர். உள்ளே கிடக்கும் மெல்லிய தகடுகளை நினைப்பார் அரியர். பூட்டின் காவல் முழுவதும் அத்தகடுகளிடத்திலேயே உள்ளது. அவற்றை வெட்டி அராவும் கைக்கோ உரிய மதிப்பும் இல்லை, கூலியும் இல்லை. இது குறித்தே நாம் ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

பூட்டின் கூட்டினுள் ஓர் ஆணியைப் பற்றி அசையுமாறு சில தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டிருக்கும். தொழிலாளர் இவற்றை லீவர் என்பர். ஒவ்வொன்றையும் ஒரு வில் அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வாயில் வெட்டப்பட்டிருக்கும். திறவுகோலின் பற்கள் எல்லாத் தகடுகளையும் அவ்வவற்றிற்குரிய உயரத்திற்குத் தூக்கியபோதே வாயில்கள் நேர்பட்டுத் தாழ் நகர வழிவிடும். ஒரு தகடு குறைய எழுந்தாலும் திறவாது, மிக எழுந்தாலும் திறவாது. இவ்வாறு இருபுறமும் தடுக்கும் முறைக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பார் 1778ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். உயரம் ஐந்து வகை, தகடு ஆறு எனக் கொண்டால் 15,625 வெவ்வேறு திறவுகோல்களுக்கு இடமுண்டு. (திறவுகோல் என்னும் நற்றமிழ்ச் சொல் ஏட்டில் உறங்க, போர்ச்சுக்கீசியர் தந்த சாவியே நம் இடுப்பில் தொங்குகின்றது!)

தகடு வெட்டுதல் எளிய வேலை என்று எண்ணுவோர் ஒருமுறை கத்திரியைக் கையிற் பிடித்துப் பார்ப்பாராக. கீறிய கோட்டின்மேலேயே வெட்டினால் தகடு கெடும்; கோட்டிற்கு வெளியே மயிரிழை விட்டு வெட்டி, எஞ்சியதை அரத்தால் தேய்த்துக் கோட்டை அடைதல் வேண்டும். கத்திரி பட்ட ஓரம் சுருளும். அதனை மரச் சுத்தியால் தட்டிச் சமன் செய்யாவிடின் அடுக்கில் ஒரு தகடு மற்றொன்றோடு உராய்ந்து நிற்கும். ஓரத்துப் பிசிறு ஒன்று தங்கினும் அதே கதிதான். மேனாட்டார் மீன் பிடிக்கும் பொருட்டு இத்தகைய மெல்லிய தகட்டையே கரண்டிபோல் வெட்டிப் பளபளப்பாக்கித் தூண்டிலிற் கோப்பர். அமெரிக்காவில் ஜூலியோ பியூல் 1852ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதனை வீட்டில் இருந்தே வெட்டி மகிழ்வார் இன்றும் பலர். அவர் தகடு சிறிது கோணினால் நீரில் சற்று வேறாக ஆடும், அவ்வளவே. அதற்கும் ஒரு மீன் அகப்படலாம். பூட்டுத் தகடு கோணினால், வீட்டுக்காரன் வெளியே நிற்பான், அல்லது கள்வன் உள்ளே புகுவான்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திண்டுக்கற் பூட்டிற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ந்தோம். ஆயின், 1999ஆம் ஆண்டின் அச்சட்டம் பெயரையும் ஊரையும் காக்கும். பிறவூர்ச் சரக்கைத் திண்டுக்கற் பூட்டென்று விற்பானைத் தடுக்கும். பட்டறையில் அமர்ந்திருக்கும் முதியவரின் மகன் அரத்தைக் கையில் எடுக்குமாறு செய்ய அதனால் இயலாது. அவன் ஏன் எடுப்பான்? கைத்திறம் படியப் பல ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளில் பஞ்சாலையோ கடையோ அவனுக்கு மாதந்தோறும் ஊதியம் தரும். பட்டறையோ செய்து முடித்த பூட்டின் எண்ணிக்கைக்கே கூலி தருவது. கற்பவன் கெடுத்த தகட்டிற்குக் கூலி யார் தருவார்?

அலிகார் நகரத்து எந்திரப் பூட்டுகள் மலிவாய் வந்து குவிய, கையால் அராவுதலைப் போற்றுவது வெறும் பழமைப்பற்று என்பார் உளர். அவர் கூற்றில் பாதியை நாம் ஒப்புகின்றோம். கூட்டையும் வளையத்தையும் எந்திரம் அழுத்தி வெட்டட்டும். அதனால் எவருக்கும் இழிவில்லை, முதுகெலும்பிற்கு ஆறுதலும் உண்டு. உள்தகடுகளின் செய்தி வேறு. செலவுக்கு அஞ்சிச் சில அச்சுகளையே வைத்து ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளினால், ஒருவன் திறவுகோல் அயலான் வீட்டையும் திறத்தல் கூடும். கைவினைஞர் ஒவ்வொரு பூட்டிற்கும் வாயிலை வேறாக அராவுவதே இவ்வூர்ப் பூட்டின் உயிர். மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என உருவங்கள் பலவாயினும் அவ்வுயிர் ஒன்றே.

ஆதலின், பூட்டு வாங்கும் அரசுத் துறைகளும் கோயில்களும் பிற நிலையங்களும் விலையோடு ஒரு சிறு தொகை சேர்த்துக் கற்போர்க்கு மாத ஊதியமாக அளிக்குமாறு செய்தல் வேண்டும். விலை சிறிது ஏறும்; ஏறட்டும். நம் கல்லூரியின் பழைய மாணவருள் வணிகரும் அலுவலரும் பலர் உளர். மலிவான பூட்டையே தேடும் அவர்கள், கொள்முதற் கடிதத்தில் லீவர் எத்தனை, வாயில் கையால் அராவியதா என்னும் இரண்டு வினாக்களைச் சேர்க்கலாமே.

தமிழ் பயிலும் நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் இடம்பெறாத தொழிற்சொற்கள் பட்டறைகளில் இன்னும் வழங்குகின்றன. தகட்டின் ஒவ்வோர் ஓரத்திற்கும், அரத்தின் ஒவ்வொரு வீச்சிற்கும் அங்கே சொல் இருக்கலாம். முதியவர் பலர் இன்னும் நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டிப் பக்கங்களில் வேலை செய்கின்றனர். இவ்விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் அங்கே செல்வோர் நம்முள் எத்தனை பேர்?