பட்டாசுக்கு அளவு உண்டு, சைலன்சருக்கு இல்லையா? சிவகாசி வட்டாரத்தில் வாலிபர்களின் "டமார்" அட்டகாசம்!

சிவகாசி வட்டாரத்தில் "டமார்" என்று ஒரு சத்தம் கேட்டால், "எந்த வீட்டில் கல்யாணம்?" என்று யாரும் கேட்பதில்லை. "எந்த ஆலை?" என்றுதான் கேட்பார்கள்.

காலையில் மருந்து அறைக்கு வேலைக்குப் போன புருஷனோ, மகளோ சாயங்காலம் முழுசாகத் திரும்பணுமே என்று சாமியை வேண்டிக்கொள்ளும் ஊர் இது. அது வீண் பயம் அல்ல.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி. 40 பேர் வரை பலி. முதல் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடி வந்தவர்களும் அடுத்தடுத்த வெடியில் சிக்கிக்கொண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளம். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 பிப்ரவரி 17-ந் தேதி ராமுதேவன்பட்டி. 10 பேர் கருகினர்.

இப்படிப்பட்ட ஊரில்தான் சில மைனர்கள் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, "படார் படார்" என்று வெடிக்கும் குழாயை மாட்டிக்கொண்டு ராத்திரியில் பறக்கிறார்கள். விருதுநகர் ரோடு, சாத்தூர் ரோடு, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோடு எல்லாம் அவர்களுக்குப் பந்தய மைதானம். ரோட்டில் வண்டி வெடிக்கிறது. வீட்டில் தாய்மார்களின் வயிறு கலங்குகிறது.

சத்தம் வந்தால் சக்தியா?

"சத்தம் கூடினால் வண்டி பிச்சிக்கிட்டுப் போகும்" என்பது வாலிபர்களின் வாதம். இது பாதிக்கு மேல் கட்டுக்கதை.

பந்தயக் காருக்கு "ஹெட்டர்" என்று ஒரு குழாய்த் தொகுதி உண்டு. என்ஜினில் நான்கு சிலிண்டர் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனிக் குழாய் புறப்படும். நான்கும் ஏறக்குறைய ஒரே நீளம். கடைசியில் ஒரே வாயில் வந்து சேரும். ஒரு சிலிண்டரின் புகை வேகமாக வெளியேறும்போது, அடுத்த சிலிண்டரின் புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். என்ஜின் நன்றாக மூச்சு விடும். ஹெட்டரின் சூட்சுமம் இவ்வளவுதான்.

இதிலும் கணக்கு இருக்கிறது. குழாய் தேவைக்கு மேல் பருத்தால் புகையின் வேகம் குறையும். மெதுவாகப் போகும்போது வண்டி இழுக்காது. என்ஜின் உச்ச வேகத்தில் சுற்றும்போதுதான் பலன் முழுசாகத் தெரியும். பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவையும் அதற்கேற்பத் திருத்தவேண்டும். கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடலிலோ ஓட்டுகிறவர்களுக்கு அது உதவும். ஆட்டோவும் மாட்டு வண்டியும் குறுக்கே வரும் பஜார் தெருவில் எதற்கு?

மோட்டார் சைக்கிள் கதை இன்னும் வேடிக்கை. ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் ஒன்றுசேர்க்க நான்கு குழாய் ஏது? சைலன்சரின் உள் தகட்டை வெட்டி எறிந்தால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். சக்தி அல்ல.

2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.6 வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியும், ஆக்சிஜனை அளக்கும் சென்சாரும் புகைக்குழாயிலேயே இருக்கின்றன. விவரம் தெரியாமல் அதை அறுத்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். நச்சுப் புகை கூடும். கைக்காசு கொடுத்து வண்டியைக் கெடுத்துக்கொள்வதற்கு இது ஒரு வழி!

வாலில் தீ!

"படார்" என்ற வெடிச்சத்தம் எப்படி வருகிறது தெரியுமா? எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி, கொதிக்கும் குழாய்க்குள் போய்ப் பற்றுகிறது. சில சமயம் குழாயின் வாலில் தீ நாக்கே நீளும்.

பட்டாசு ஆலைக்குள் பீடி, தீப்பெட்டி கூடாது. செல்போன் கூடாது. நைலான் துணி கூடாது; பருத்திதான். ஒரு பொறி பறந்துவிடக் கூடாதே என்று அத்தனை கட்டுப்பாடு. அந்தச் சரக்கை அடுக்கி வைத்திருக்கும் கடை வாசலில், தீ கக்கும் வண்டியை நிறுத்தி முறுக்குவது விளையாட்டா? விபரீதமா?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த ஊர்க்காரர் செய்யும் பட்டாசுக்கு 1999-லேயே அளவு வைத்தாகிவிட்டது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. தமிழகத்தில் 2018 முதல் தீபாவளியன்று காலையில் 1 மணி நேரம், இரவில் 1 மணி நேரம் மட்டுமே வெடிக்க அனுமதி. வருஷத்தில் ஒரு நாள் வெடிக்கும் சரக்குக்கு இத்தனை கெடுபிடி. தினமும் ராத்திரி வெடிக்கும் சைலன்சருக்கு?

அதற்கும் சட்டம் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போதே 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளின் சத்தம் 80 டெசிபலுக்குள் இருக்கவேண்டும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சத்த விதியை மீறி ஓட்டினால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்சும் 3 மாதம் பறிபோகும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை.

பெங்களூரிலும் விசாகப்பட்டினத்திலும் போலீசார் பறிமுதல் செய்த சைலன்சர்களை நடுரோட்டில் பரப்பி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். இங்கும் அப்படி ஒருநாள் நசுக்கிக் காட்டினால் பாதி அட்டகாசம் அடங்கும்.

ஓட்டுகிற பையனை மட்டும் பிடித்தால் போதாது. குழாயை விற்றவர் யார், மாட்டிக் கொடுத்த பட்டறை எது என்று விசாரிக்கவேண்டும். பட்டாசுக் கிட்டங்கிக்குள் நுழைந்து சரக்கை எண்ணும் அதிகாரிகளுக்கு, சைலன்சர் கடைக்கு வழி தெரியாதா என்ன?

வண்டிமேல் மெய்யாகவே ஆசையுள்ள தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. குழாய் வாங்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். என் வண்டி மாடலுக்கே செய்ததா? சென்சாருக்கு இடம் இருக்கிறதா? வினையூக்கி அப்படியே இருக்குமா? ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒப்புக்கொள்வார்களா? ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் பணத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். பந்தயம்தான் ஓட்டணும் என்றால் திடலுக்குப் போய் ஓட்டுங்கள், ஊரே கைதட்டும்.

பையன் கேட்டான் என்று லட்சம் லட்சமாகக் கொட்டிக் கொடுக்கும் அப்பாக்களும் யோசிக்கவேண்டும். அந்தப் பணத்தில் பாதி, மருந்து அறையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கூலி வேலை செய்தவர்களின் உழைப்பில் வந்தது. அவர்கள் ராத்திரியில் நிம்மதியாகத் தூங்கவேண்டாமா?

போலீசாரும் போக்குவரத்து அதிகாரிகளும் உடனே கவனிப்பார்களா?