சாயத் துப்பாக்கியும் மங்கல வழக்கும்

பெயிண்ட்பால் ஏன் வெகுமக்கள் விளையாட்டாகவில்லை என்று கேட்டால், அதன் ஆர்வலர்களிடமிருந்து அடிக்கடி கிடைக்கும் பதில் இதுதான்: போதிய விளம்பரம் இல்லை, தொலைக்காட்சி கைகொடுக்கவில்லை. இதைவிடச் சோம்பலான பதில் இருக்க முடியாது. தொலைக்காட்சிக்காக அவ்விளையாட்டு எவற்றையெல்லாம் கைவிட்டது என்பதையல்லவா முதலில் கேட்க வேண்டும்?

1981 ஜூன் 27 அன்று, அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹென்னிக்கரில் 12 பேர் ஒரு காட்டுக்குள் நுழைந்தனர். அவர்களைக் கூட்டியவர்களில் ஒருவர் எழுத்தாளர் சார்லஸ் கெய்ன்ஸ். இன்னொருவர் அவருடைய நண்பரான பங்குத் தரகர் ஹேய்ஸ் நோயல். பிழைத்திருக்கும் திறன் காட்டில் வளர்ந்தவனுக்கு அதிகமா, நகரத்தில் வளர்ந்தவனுக்கா என்பது இருவருக்குமான வாதம். கையில் இருந்த கருவி, வனத்துறையினர் மரங்களிலும் பண்ணையாளர்கள் மாடுகளிலும் அடையாளமிடப் பயன்படுத்திய நெல்ஸ்பாட் 007. (ஆநிரையில் தொடங்கிப் போருக்குச் செல்வது வெட்சித்திணை படித்த நமக்குப் புதிதல்ல.) வென்றவர் ரிச்சி வைட் என்ற வனத்துறைக்காரர். எல்லாக் கொடிகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்; ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

பிற்பாடு வந்த விளம்பரதாரர்களுக்கு இந்த மனிதரால் எந்தப் பயனும் இல்லை.

அவர்கள் முதலில் கைவைத்தது சொற்களில். 'நேஷனல் சர்வைவல் கேம்' என்று தொடங்கியது, கேட்பதற்குச் சாதுவான 'பெயிண்ட்பால்' ஆனது. 'கன்' என்னாதே, 'மார்க்கர்' என்று சொல் என்றார்கள். நெல்ஸ்பாட்டைப் பொறுத்தவரை அந்தப் பெயர் பொய்யில்லை. அடையாளமிடவே பிறந்த கருவி அது. நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட குண்டுகளை உமிழும் பிற்காலக் கருவிக்கும் அதே பெயரைச் சூட்டுவதுதான் சிக்கல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. அதை ஊருக்கே பொதுச்சொல்லாக்க யாரும் விளம்பரம் செய்வதில்லை. இங்கோ குழூஉக்குறியையே மங்கலமாக ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என எதிர்பார்த்தார்கள். ஊர் ஏற்கவில்லை. 2009இல் ஜெர்மனியின் வின்னன்டன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தபின், ஆளும் கூட்டணி பெயிண்ட்பாலைத் தடைசெய்ய முனைந்தது. பின்னரே அத்திட்டத்தைக் கைவிட்டது. அந்த வேளையில் மங்கலச்சொல் யாரைக் காத்தது?

அடுத்து, காடு போயிற்று. கேமராவுக்கு வசதியாகத் திறந்த வெளியில் காற்றடைத்த அரண்களை நிறுத்தினார்கள். காட்டுநிற உடைகளின் இடத்தில் பளபளக்கும் சட்டைகள், அவற்றில் விளம்பரப் பெயர்கள். தொலைக்காட்சியை மனத்தில் வைத்தே 'எக்ஸ்பால்' என்ற வடிவம் வந்தது: ஐவர் அணிகள், ஓடும் கடிகாரம், ஏறிக்கொண்டே போகும் புள்ளிகள். ஈ.எஸ்.பி.என். அலைவரிசைகளிலும் போட்டிகள் காட்டப்பட்டன. என்ன தெரிந்தது? நொடிக்கு 300 அடி வேகத்தில் பறக்கும் சிறு உருண்டை திரையில் தெரியாது. ஆட்டக்காரர்களோ அரணுக்குப் பின்னால். யார் யாரை வீழ்த்தினார் என்பதை வர்ணனையாளர் சொல்லித்தான் அறிய வேண்டும். பார்ப்பவனுக்குப் பதற்றத்தை விடுத்து இரைச்சலை மட்டும் கொடுத்தார்கள்.

தொலைக்காட்சியின் இலக்கணமே அப்படித்தான், வேகம் இல்லாவிட்டால் எவன் பார்ப்பான் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் பந்தயத்தை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்களே! 2010இல் 'கம்யூனிட்டி' என்ற நகைச்சுவைத் தொடர் ஒரு கல்லூரி முழுவதையும் பெயிண்ட்பால் போர்க்களமாக்கியது. அதில் பதுங்கல் உண்டு, துரோகம் உண்டு, யாரை நம்புவது என்ற தவிப்பு உண்டு. எனக்குத் தெரிந்து எந்த லீக் ஒளிபரப்பையும்விட இவ்விளையாட்டின் உயிரை நெருங்கியது அந்த ஒரு பகுதிதான், அதுவும் கேலியாக.

ஒரு மனிதன் சுடாமலே, சுடப்படாமலே, மரம் மரமாக நகர்ந்து கொடியை நெருங்குவதை ஒரே ஒருமுறை பொறுமையாகப் படம்பிடித்துக் காட்டட்டும். அதையும் எவரும் பார்க்கவில்லை என்றால், பிறகு விளம்பரம் போதவில்லை என்று புலம்பட்டும்.