சியோலைட்டுக் கற்களும் நம் கடமையும்

புனே நகரைச் சூழ்ந்த குன்றுகள் தக்காணப் பசால்ட்டுப் பாறையால் ஆனவை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியபோது, அதனுள் அடைபட்ட வாயுக் குமிழிகள் பொந்துகளாக நின்றன. பின்னர் அப்பொந்துகளில் ஊறிய வெந்நீரிலிருந்து படிந்தவையே ஸ்டில்பைட்டு, ஹியூலண்டைட்டு, ஸ்கோலசைட்டு முதலிய சியோலைட்டுப் படிகங்கள். 1863-இல் திறக்கப்பெற்ற போர்க் கணவாய் இருப்புப்பாதைக்காகப் பாறை குடையப்பட்ட காலத்திலேயே இவை அறிஞர் கவனத்தைக் கவர்ந்தன. இன்று வாகோலி போன்ற இடங்களின் கற்குவாரிகளில் கிடைப்பவற்றுள் அழகு மிக்கவை வியாபாரிகளிடம் செல்கின்றன; ஏனையவை கல்லுடைக்கும் இயந்திரத்திற் புகுந்து சாலை ஜல்லியாகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே கல்விக்கென ஒரு பங்கு ஒதுக்கப்படவேண்டும் என்பதே எமது கருத்து.

1756-இல் ஸ்வீடன் நாட்டுக் கனிமவியலார் குரோன்ஸ்டெட்டு, இவ்வினக் கல்லொன்றைச் சுடரிற் காட்டியபோது அது கொதிப்பதுபோல் நுரைக்கக் கண்டார். கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' எனப் பொருள்படும் பெயர் அதனால் அமைந்தது. சிலிக்கன், அலுமினியம், ஆக்ஸிஜன் அணுக்கள் இணைந்த சட்டகமும், அதனூடே நுண்ணிய அறைகளும் இதன் அமைப்பு. அறைகளிலுள்ள நீர் வெப்பத்தால் வெளியேறினும் பல சியோலைட்டுகளில் சட்டகம் குலைவதில்லை. குளிர்ந்தபின் நீர் மீண்டும் புகும். அறைகளிலுள்ள சோடியம் அயனிகள், கடின நீரிலுள்ள கால்சியத்திற்கு இடங்கொடுக்கும். வாயில்களின் அளவுக்கேற்பச் சில மூலக்கூறுகள் மட்டுமே உள்ளே செல்லும்.

இப்பண்புகளின் பயன் சிறிதன்று. சலவைத்தூளில் நீரை மென்மையாக்குவதும், பெட்ரோலிய ஆலைகளில் வினையூக்கியாவதும் சியோலைட்டே. பிராணவாயுத் தயாரிப்பு நிலையங்களில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றிக்கொண்டு பிராணவாயுவைப் பிரித்தளிப்பதும் அதுவே. 2021 மே மாதத்தில் கொரோனா நோயாளிகளுக்காக அந்நிலையங்களை விரைந்து நிறுவ முற்பட்டபோது, இப்பொருளை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் தருவிக்க நேர்ந்தது.

சியோலைட்டு நிறைந்த குன்றுகள் நம்மிடமிருக்க, இறக்குமதி எதற்கு என்று மாணவர் வினவக்கூடும். ஆலைகளுக்கு வேண்டுவது பெரும்பாலும் செயற்கையாக ஆக்கப்படும் வகை. அறைகளின் அளவும் தூய்மையும் அங்கே ஒரே சீராக இருத்தல் வேண்டும். குன்றிற் கிடைக்கும் படிகம் அதற்கு நேரே ஈடாகாது. புனேயின் பாஷாண் பகுதியில் அமைந்து 1950-இல் திறக்கப்பெற்ற தேசிய இரசாயன ஆய்வுக்கூடம், சியோலைட்டு வினையூக்கிகளை உருவாக்கி 1980-களிலேயே தொழிற்சாலைகளுக்கு அளித்தது. கல் இருந்தாற் போதாது; அறிவும் ஆலையும் வேண்டும். அவ்வறிவிற்கு முதற்படி பள்ளியிலேயே தொடங்குகிறது.

குவாரித் தொழிலை நிறுத்துக என்று நாம் கூறவில்லை. சாலைக்கு ஜல்லி இன்றியமையாதது. களப்பணியாளர் உரிமையாளரின் இசைவுடன், வெடிவைக்கும் நேரத்தையும் வேலை நடக்கும் முகப்பையும் தவிர்த்து, ஒதுக்கப்பட்ட குவியலிலிருந்து சில கற்களை எடுக்கலாம். ஊர், குவாரி, நாள், பாறை அடுக்கு, உடனிருந்த கனிமங்கள் ஆகியவற்றை அன்றே சீட்டில் எழுதி இணைத்தல் வேண்டும். பழைய சேகரிப்புகள் பலவற்றில் 'பூனா' என்பதற்கு மேல் இடக்குறிப்பு இல்லை. அத்தகைய கல் கண்ணுக்கு விருந்தாகலாம். ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவாது.

ஆசிரியர், ஸ்டில்பைட்டுத் துணுக்கொன்றை உலர்ந்த சோதனைக் குழாயிலிட்டு மெல்லச் சூடேற்றட்டும். குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் நீர்த்துளி படிவதை மாணவர் காண்பர்; அக்கனிமத்தின் எடையில் ஆறில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதியானது நீரே. எனினும் அதே பொந்தில் வளரும் அபோஃபிலைட்டும் சூடேற்ற நீர் தரும். அதுவோ சியோலைட்டு அன்று. ஒரு சோதனையை மட்டும் நம்பிப் பெயரிடலாகாது என்னும் பாடமும் இதிற் கிட்டும். நார்போன்ற கற்களை மாணவர் பொடிக்க விடலாகாது. எரியோனைட்டு என்னும் வகையின் தூசி புற்றுநோய் விளைவிக்க வல்லது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு பெட்டியும், சில சீட்டுகளும், களப்பணியாளரும் ஆசிரியரும் ஆண்டுக்கொருமுறை கூடும் வழக்கமும் போதும். இயந்திரத்திற் புகுந்த கல்லை மீட்க இயலாது. ஆதலின் இப்பணியை இவ்வாண்டே தொடங்குதல் நன்று.