ஐப்பசி மழையும் 17 சதவிகிதமும்

மழையைத் திட்டுவது சௌகரியமான காரியம். அது எதிர்த்துப் பேசாது. காவிரி டெல்டாவில் குறுவை நெல் நனைந்து முளைவிடும்போதெல்லாம், "பருவம் தவறிய மழை" என்று உத்தியோகஸ்தர்கள் சொல்கிறார்கள். பத்திரிகைகளும் அப்படியே எழுதிவிடுகின்றன. ஐப்பசியில் பெய்கிற மழை எந்தப் பருவத்தைத் தவறவிட்டது என்று கேட்கிறேன். ஐப்பசி என்றால் அடைமழை என்பது தஞ்சாவூர்ப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரச் சில நாள். குறுவைப் பயிரின் வயது ஏறத்தாழ 105 முதல் 120 நாள். அறுவடைக்குள் புரட்டாசி முடிந்து ஐப்பசியும் பிறந்துவிடும். நெல்லும் மழையும் ஒரே சமயத்தில் களத்துக்கு வருவது விபத்தல்ல, பஞ்சாங்கம்.

முன்பெல்லாம் அரிவாளால் அறுத்து, அரியை வயலிலேயே காயவிட்டு, கட்டிக் களத்துக்குக் கொண்டு வந்து அடித்தார்கள். நெல் காய்வதற்குக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. இப்போது ஆள் கிடைப்பதில்லை, இயந்திரம் அறுக்கிறது. ஈரத்தோடு உதிர்த்து ஈரத்தோடு கொட்டிவிட்டுப் போகிறது. களம் போதாமல் தார் ரோட்டில் காயப்போடுகிறார்கள். அங்கேயும் வானம் விடுவதில்லை.

இந்த நெல்லைக் கொண்டுபோனால் கொள்முதல் நிலையத்தில் ஒரு விதி காத்திருக்கிறது: ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது. அக்டோபரில் பெரும்பாலும் வெயிலடிக்கிற பஞ்சாபுக்கும் அதே 17. அடைமழையில் நனைகிற மன்னார்குடிக்கும் அதே 17. இதற்குப் பெயர் சமநீதியாம்!

விதி தளராமல் இல்லை. 2022 அக்டோபரில் 19 வரை தளர்த்தினார்கள். 2023 பிப்ரவரியில் சம்பா நனைந்தபோது 20 வரை தளர்த்தினார்கள். அந்த மழையை வேண்டுமானால் பருவம் தவறியது என்று சொல்லலாம். ஆனால் தளர்த்துகிற முறைதான் விசித்திரம். நெல் நனைய வேண்டும், மாநிலம் கடிதம் எழுத வேண்டும், டில்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுக்க வேண்டும், பிறகுதான் உத்தரவு. கோப்பு நகரும் வரையில் நெல் பொறுக்குமா? குறுவைக்கு ஏற்ற குறுகிய கால ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் கிடையாது. ஈரத்தில் சில நாள் கிடந்தாலே முளைவிட்டுவிடும்.

எதிர்க்கட்சிக்காரர் ஒன்று சொல்வார்: "ஈர நெல்லைக் குவித்தால் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுக்கும். ஜனங்களின் பணத்தில் தண்ணீரையா வாங்குவது?" வாஸ்தவமான கேள்வி. 22 சதவிகித ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17-க்கு உலர்த்தினால் சுமார் 94 கிலோ நிற்கும். தண்ணீர் 6 கிலோதான். அந்த ஆறு கிலோவை எடையில் கழித்துக்கொண்டு விலை கொடுங்கள். எந்த விவசாயியும் சண்டைக்கு வரமாட்டான். ஆறு கிலோவுக்காக நூறு கிலோவையும் வாசலில் முளைக்கவிடுவது என்ன சிக்கனம்?

உலர்த்துகிற வித்தை தெரியாத தேசமா நம்முடையது? மழைக்காலக் குறுவையின் ஈர நெல்லைக் காப்பதற்காகவே 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார்கள். அது இன்று தஞ்சாவூரில் பெரிய தேசிய நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. நிறுவனம் வளர்ந்தது, பட்டங்கள் வழங்குகிறது. பக்கத்துக் கிராமத்து விவசாயியோ தார்ப்பாய்க்கு அலைகிறான்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. குறுவைக்கு உரிய ஈரப்பத வரம்பை ஆவணியிலேயே அறிவித்துவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பிச்சை கேட்கிற மாதிரி கடிதம் எழுத வைக்காதீர்கள். நெல் அதிகம் வந்து குவியும் கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் இயந்திரமும் மேற்கூரையும் வையுங்கள். வாங்கிய மூட்டையைத் திறந்த வெளியில் அடுக்காமல் அன்றன்றே நகர்த்துங்கள்.

இவற்றைச் செய்த பிறகும் நெல் முளைத்தால், அப்போது மழையைத் திட்டுங்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.